பாலாற்றங்கரையில் கொள்ளைநோய்க்குப் பிறகு: தலித் கிறிஸ்தவ நம்பிக்கை குறித்துச் சில குறிப்புகள்

1

கொரோனா ஓய்ந்து கோயில் கதவுகள் திறந்தபோது ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றங்கரை நெடுகவும் ஸ்தோத்திர ஆராதனைகள் நடந்தன. நான் கேட்ட பிரசங்கங்களில் ஒரு பேச்சு தவறாமல் வந்தது: கர்த்தர் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். சபை ஆமென் சொன்னது. அப்படிச் சொன்னவர்களில் டேனரியில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்குகிறவர்கள் இருந்தார்கள். ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்கு முன்னால் முதுகு ஒடிகிற பெண்கள் இருந்தார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக் கணக்குக்கு ஷூ மேல்தோல் தைக்கிறவர்களும் பீடி சுற்றுகிறவர்களும் இருந்தார்கள்.

பழைய நிலை என்றால் எந்த நிலை? யாருக்குத் திரும்பிச்சு? கொரோனாவுக்கு முன்னால் நம் சனங்களுக்கு நல்லா இருந்தது என்று யார் சொன்னது? இந்தக் கேள்வியைக் கேட்டால் 'விசுவாசக் குறைவு' என்பார்கள். விசுவாசம் என்கிற சொல்லையே முதலில் பார்ப்போம். வேதாகமத் தமிழில் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றிக்கொள்வது விசுவாசம். இனி வரப்போவதற்காகக் காத்திருப்பது நம்பிக்கை. ஆனால் ஊர்த் தமிழில் இந்த இரண்டு சொல்லும் பண்ணையாருடைய வாயிலிருந்து வருகிறவை. 'விசுவாசமான ஆளு', 'நம்பிக்கையான ஆளு' என்றால் எதிர்த்துப் பேசாத பண்ணையாள் என்று பொருள். நாம் தேவாலயத்தில் இந்தச் சொற்களை எந்த அர்த்தத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரைக்குப் பின்னாலுள்ள கேள்வி.

கொள்ளைநோய் முடிந்து சனங்கள் எழுந்து உட்கார்ந்த சந்தர்ப்பங்கள் இந்த ஆற்றங்கரைக்குப் புதிதல்ல. பஞ்சமும் காலராவும் வந்து போன 1878, பிளேக் காலம், விஷக்காய்ச்சல் வந்த 1918 என்று பல உண்டு. ஒவ்வொரு முறையும் ஆதிக்கம் பண்ணுகிறவர்கள் எல்லாம் பழையபடி ஆகட்டும் என்றே விரும்பினார்கள். நம் முன்னோர்களில் ஒரு பகுதியினர் மாட்டேன் என்றார்கள். அந்த 'மாட்டேன்' தான் தலித் கிறிஸ்தவ நம்பிக்கையின் தொடக்கம் என்பது எனது வாதம். பின்னால் வந்த திருச்சபை அதை மறந்துபோனது என்பதும் அதே வாதத்தின் இன்னொரு பாதி.

2

1876இல் பருவமழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மட்டும் சுமார் 35 லட்சம் பேர் செத்திருக்கலாம் என்பது மதிப்பீடு. வெறும் பட்டினியால் செத்தவர்கள் மட்டுமல்ல. பட்டினியில் வற்றிய உடம்பைக் காலராவும் அம்மையும் காய்ச்சலும் அள்ளிக்கொண்டு போயின. நிவாரண வேலைக்கு வந்து மண் சுமக்கிறவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, போதுமென்று ரிச்சர்ட் டெம்பிள் என்கிற அதிகாரி 1877இல் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

மனிதர்களோடு மாடுகளும் செத்தன. செத்த மாடுகளுடைய தோல் மலைமலையாகக் குவிந்தது. பஞ்ச வருடங்களில் சென்னையிலிருந்து தோல் ஏற்றுமதி பெருகியது. ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய அந்தத் தோலுக்கு லண்டனில் கிராக்கி இருந்தது. வட ஆற்காட்டுத் தோல் தொழிலின் செழிப்பைப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. சேரி பட்டினியில் கிடந்த வருடங்கள் தோல் வியாபாரத்துக்கு நல்ல வருடங்கள்.

அந்தத் தோலை உரித்தது யார்? ஊரில் மாடு செத்தால் சேரிக்கு ஆள் வரும். இழுத்துப் போட வேண்டியது பறையரும் அருந்ததியரும். உரித்த தோலில் ஊராருக்குச் செருப்பும், கவலை இறைக்கத் தோல் பையும் போக வேண்டும். இறைச்சி சேரிக்கு. இதை உரிமை என்றும் சொல்வார்கள், கடமை என்றும் சொல்வார்கள். மறுத்தால் அடி என்பதால் அது கடமை மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் ஆற்காடு மிஷன் வருகிறது. அமெரிக்க சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய மிஷன் அது. தெற்கே லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதியைப் பொறுத்துக்கொண்டு போனபோது, சாதியை விட்டால்தான் சபை என்று இவர்கள் கறாராக நின்றார்கள். ஒரு சேரி மொத்தமாகக் கிறிஸ்தவத்துக்கு வர விரும்பினால் அவர்கள் சில உறுதிமொழிகளை ஏற்க வேண்டும்: விக்கிரகத்தை விட வேண்டும், ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டும், செத்த மாட்டு இறைச்சியைத் தின்னக் கூடாது.

மூன்றாவது நிபந்தனையை மிஷனரிகள் சுத்தம், ஒழுக்கம் என்கிற கண்ணாடி வழியாகவே பார்த்தார்கள். அதில் நம் சனங்களைத் தாழ்வாக நினைக்கிற பார்வையும் கலந்திருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சேரிக்குள்ளிருந்து பார்த்தால் விஷயம் வேறு. செத்த மாட்டைத் தின்னமாட்டேன் என்றால் அதை இழுக்கவும் மாட்டேன் என்கிற இடத்துக்கு வந்தாக வேண்டும். இழுக்கமாட்டேன் என்பது ஊரோடு இருந்த ஒப்பந்தத்தைக் கிழிப்பது. ஓய்வுநாள் என்பது வாரத்தில் ஒரு நாள் பண்ணைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்பது. ஞானஸ்நான வாக்குறுதி என்று பதிவானதை நான் வேலைநிறுத்தம் என்று வாசிக்கிறேன். பல பத்தாண்டுகள் கழித்து, 1927இல், மகாடில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள் என்று அறைகூவினார். நம் பகுதிச் சேரிகளில் ஒரு பகுதி அதற்கு முன்பே அந்தச் சண்டையைப் போட்டுப் பார்த்திருக்கிறது.

'சோத்துக்காக மதம் மாறினவன்' என்கிற வசை இன்னும் ஓயவில்லை. கோதுமைக் கிறிஸ்தவன், பால்பவுடர் கிறிஸ்தவன் என்று எத்தனை பெயர்! இதற்குப் பதிலை அன்றைய சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதியான ஓங்கோலில் தேடலாம். அங்கே மாதிகர்கள், அதாவது நம் அருந்ததியர்களைப் போலத் தோல் வேலைக்குத் தள்ளப்பட்டவர்கள், கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வந்தார்கள். அந்த இயக்கத்தைத் தொடக்கியவர் வெள்ளைக்காரர் அல்ல. எர்ரகுண்ட்ல பெரியா என்கிற மாதிகத் தோல் வியாபாரி. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளாவ் பக்கிங்காம் கால்வாய் வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து அவர்களுக்கு வேலை கொடுத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்கிற பேச்சு வரக் கூடாது என்று, ஒரு வருடத்துக்கு மேல் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. நிவாரணம் முடிந்த பிறகு, 1878 ஜூலை 3 அன்று, ஒரே நாளில் 2,222 பேர் ஆற்றில் இறங்கினார்கள்.

தேதியைக் கவனியுங்கள். கஞ்சி ஊற்றியபோது அல்ல, கஞ்சித் தொட்டி மூடிய பிறகு. உயிர் பிழைத்தவர்கள், இனி எப்படி வாழ்வது என்று கேட்டபோது எடுத்த முடிவு அது. பஞ்சம் முடிந்தது, பழைய எசமானிடம் போய் நில்லு என்று காலம் சொன்னது. அவர்கள் போகவில்லை.

3

பிளேக் 1896இல் பம்பாயில் தொடங்கி 1898இல் பெங்களூருக்கு வந்தது. 1897இல் வெள்ளைக்கார அரசு தொற்றுநோய்ச் சட்டம் போட்டது. 2020 மார்ச்சில் இந்திய மாநிலங்கள் தூசு தட்டி எடுத்தது அதே சட்டத்தைத்தான். வீடு புகுந்து சோதனை, ரயிலடியில் சோதனை, குடிசையைக் கொளுத்துவது என்று அதிகாரம் தன் முழு வேஷத்தையும் காட்டியது.

பெங்களூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் இருக்கிறது கிருஷ்ணகிரி. மிசௌரி லுத்தரன் மிஷன் 1895இல் இந்தியாவில் முதன்முதலாகக் கால் ஊன்றிய ஊர் அது. பிறகுதான் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் பரவியது. அந்த மிஷனைத் தொடங்கிய தியோடர் நேத்தர் 1904இல் பிளேக்கில் செத்தார். தப்பித்து ஓடாமல் இங்கேயே செத்த அந்த மனிதரை நாம் மதிக்க வேண்டும். அவருடைய பெயர் மிஷன் வரலாறுகளில் பத்திரமாக இருக்கிறது. அதே பிளேக் காலத்தில் பிணம் தூக்கியவர்கள், குழி வெட்டியவர்கள், நோய் கண்ட வீட்டைக் கழுவியவர்கள் பெயர் எந்த வரலாற்றில் இருக்கிறது?

எங்க ஆயா காலரா காலத்துக் கதை சொல்லுவாங்க. 'ஊர்ல வாந்திபேதின்னா தமுக்கு அடிக்கறதும் நம்ம ஆளு, பொணம் தூக்கறதும் நம்ம ஆளு. நோவு போயிட்டப்பறம் ஆத்தாளுக்குக் கூழு ஊத்துவாங்க. மேளம் நம்மளுது, கூழு அவங்களுது. நம்ம பங்க தெருக்கோடியில நின்னு வாங்கிக்கினு வரணும்.' நோய் போனதற்கான நன்றித் திருவிழாவிலேயே யார் எங்கே நிற்க வேண்டும் என்பது மறுபடி எழுதப்பட்டது. பழைய நிலைக்குத் திரும்புவது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

பெங்களூருக்குப் பிளேக் வந்த அதே 1898இல்தான் அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தத்தைத் தழுவி சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயலில் அது வேர்விட்டது. நம் பக்கத்துத் திருப்பத்தூரில் ஏ.பி. பெரியசாமிப் புலவர் போன்றவர்கள் அதை வளர்த்தார்கள். சபைகளுக்குள்ளும் சாதி புகுந்துவிட்டதைப் பண்டிதர் தமது 'தமிழன்' இதழில் கடுமையாகத் தாக்கினார். தலித் கிறிஸ்தவ வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை அடிக்குறிப்பாகத் தள்ளிவிடக் கூடாது. ஒரே ஆற்றங்கரையில், ஒரே காலத்தில், நம் சனங்கள் இரண்டு கதவுகளைத் தட்டினார்கள். இரண்டும் ஊரைவிட்டு வெளியேறுவதற்கான கதவுகள்.

அடுத்தது 1918. உலகப்போர் முடியும் தறுவாயில் பம்பாய்த் துறைமுகம் வழியாக விஷக்காய்ச்சல் இறங்கியது. இந்தியாவில் 1 கோடியே 20 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் பேர் வரை இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். சென்னை மாகாணத்தில் பம்பாயைவிடச் சாவு குறைவு. ஆனால் கொள்ளைநோய் சாதி பார்ப்பதில்லை என்று சொல்கிறவர்கள் பம்பாய் நகரத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். அங்கே சாவுகளைச் சமூகவாரியாகப் பதிவு செய்திருந்தார்கள். ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 8 பேர் செத்தார்கள். சாதி இந்துக்களில் 19 பேர். 'கீழ்சாதி இந்துக்கள்' என்று அரசு குறித்தவர்களில் 61 பேர். கிருமிக்குச் சாதி தெரியாமல் இருக்கலாம். குடியிருப்புக்கும் கூலிக்கும் கஞ்சிக்கும் நல்லாவே தெரியும்.

அந்தப் போரில் சிப்பாய்களின் பூட்ஸுக்காகச் சென்னை மாகாணத்துத் தோலை பிரிட்டிஷ் அரசு மொத்தமாக வாங்கியது. 1877இல் பஞ்சமும் தோலும், 1918இல் போரும் தோலும். நம் சேரிக்கு வந்த துயரமும் தோலுக்கு வந்த கிராக்கியும் கூடவே நடந்து வந்திருக்கின்றன.

காய்ச்சல் பரவிய அதே 1918 ஆகஸ்டில்தான் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். இன்றைய சி.எம்.சி. அதிலிருந்து வளர்ந்தது. அந்த நிறுவனத்தின் தோற்றக் கதை எல்லாருக்கும் தெரியும். இளம்பெண்ணாக ஐடா திண்டிவனத்தில் தங்கியிருந்த ஓர் இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டுகிறார்கள்: ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு மேல்சாதி இந்து. மூவருடைய மனைவிக்கும் பிரசவ வேதனை. ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்பதால் மூன்று பெண்களும் செத்துப்போகிறார்கள். அந்தச் சாவுகள் ஐடாவை மருத்துவராக்கின.

உருக்கமான கதைதான், அந்தப் பெண்கள் செத்தது அநியாயம்தான். ஆனால் நான்காவது ஆள் ஒருவர் ஏன் அந்தக் கதையில் வரவில்லை என்று நாம் கேட்க வேண்டும். அந்த வாசற்படிவரை வந்து கதவைத் தட்டலாம் என்கிற எண்ணமே வராமல், சேரியில் மருத்துவச்சியின் கையில் செத்த நம் பெண்களுடைய இரவுகள் எத்தனை? பின்னாளில் ஐடா வண்டி கட்டிக்கொண்டு குடியாத்தம் சாலையோரமாக மரத்தடி வைத்தியம் பார்த்தபோது நம் சனங்களுக்கும் மருந்து கிடைத்தது, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் மிஷன் பணம் மருத்துவமனையாகவும் கல்லூரியாகவும் மாறி மேல்சாதிக்காரர்களுக்கு அதிகம் பயன்பட்டது, தீண்டப்படாதவர்களிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் கைவிடப்பட்டார்கள், அவர்களும் அநியாயத்தை எதிர்த்துக் குரல் கொடுக்கவில்லை என்று அம்பேத்கர் வைத்த குற்றச்சாட்டு இன்னும் பதில் சொல்லப்படாமல் கிடக்கிறது.

4

வேலூரில் இன்னொரு நோயின் வரலாறும் உண்டு. அதிலிருந்து நம்பிக்கையைப் பற்றி ஒரு பாடம் எனக்குக் கிடைத்தது.

1946இல் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் என்கிற அறுவைச் சிகிச்சை மருத்துவர் தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராய்ந்தார். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை என்று கண்டார். நோய் நரம்பைக் கொன்றுவிடுகிறது, வலி தெரிவதில்லை, சுடுசட்டியைப் பிடித்தாலும் காலில் முள் ஏறினாலும் உணர்வில்லை, அதனால் புண்ணாகி, புண் புரையோடி, அங்கம் தேய்கிறது. தசைநாணை மாற்றி வைத்து மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்தது. உணர்வற்ற பாதத்தில் புண் வராமலிருக்க மெத்தென்ற ரப்பர் அடிபோட்ட செருப்பை இங்கே உருவாக்கினார்கள். கத்தியைப்போலவே செருப்பும் காலைக் காப்பாற்றியது. தோல் தைக்கிற கை தீட்டு என்ற நாட்டில், செருப்பு தைக்கிறவர்கள் மருத்துவக் குழுவில் ஓர் அங்கமானார்கள்.

வலி தெரியாத உடம்பு அழுகும் என்கிற இந்த உண்மையைச் சபைக்குப் பொருத்திப் பாருங்கள். சபையை கிறிஸ்துவின் சரீரம் என்று பவுல் சொல்கிறார். ஓர் அவயவம் பாடுபட்டால் மற்றவையும் கூடவே பாடுபடும் என்கிறார். டேனரித் தொட்டியில் ஒருவன் விஷவாயு தாக்கிச் சாகிறபோது பக்கத்துச் சபையில் யாருக்கும் வலிக்கவில்லை என்றால் அந்தச் சரீரத்துக்கு என்ன நோய்? எல்லாம் சரியாகிவிட்டது என்கிற சமாதானம் வலியைக் கொல்கிற சமாதானம்.

5

இப்போது நம் காலத்துக்கு வருவோம். திரும்பிவிட்டதாகச் சொல்லப்படும் அந்தப் பழைய நிலை என்ன என்பதற்குச் சில சாட்சியங்கள்.

2015 ஜனவரி 31 இரவு ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து சேறு பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்து, டேனரிக்குள்ளேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள். கழிவால் பாலாறு செத்ததைப் பற்றி 1996லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கெடுத்தவன் ஈடுகட்ட வேண்டும் என்று. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக, அதே கொள்கையை, மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. நடுவில் 28 வருடத்துக்கும் மேல் போய்விட்டது.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் தலித் ஒருவரின் பிணத்தைச் சாதி இந்துக்களின் நிலத்து வழியாகக் கொண்டுபோக விடவில்லை. சொந்தக்காரர்கள் பாடையைக் கயிற்றில் கட்டி, பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது; உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. எட்டு மாதம் கழித்து, 2020 ஏப்ரல் 19 அன்று, கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைச் சென்னையில் புதைக்க விடாமல் கும்பல் ஆம்புலன்ஸைத் தாக்கியது. தமிழ்நாடு அதிர்ந்தது; அதிர வேண்டியதுதான். அவரை அவர் விரும்பிய கீழ்ப்பாக்கம் கல்லறையில் மறு அடக்கம் செய்யலாம் என்று 2021இல் நீதிமன்றம் சொன்னது. நான் கேட்பது ஒன்றுதான். செத்த உடம்புக்கு வழி மறுக்கிற கொடுமை கொரோனாவோடு வந்ததா? சேரி தலைமுறை தலைமுறையாகப் பட்ட பாட்டை ஒருநாள் மாநகரமும் பார்த்தது, அவ்வளவுதான். 'சமூக இடைவெளி' என்று அரசாங்கம் புதுசாகச் சொல்லிக்கொடுத்தபோது எங்க தெருவில் கிழவர்கள் சிரித்தார்கள்.

தேவாலயத்தைச் சுற்றி மட்டும் சுத்தமாக இருக்கிறதா? திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையைச் சாதியால் பிரித்த சுவரை எல்லாரும் அறிவோம். மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று அறிக்கையிடுகிற சபை, எழுந்திருக்கிறவர்கள் எந்தப் பக்கம் எழ வேண்டும் என்று சுவர் கட்டி வைத்தது.

ஊரடங்கில் ஷூ ஆர்டர்கள் ரத்தாயின. எங்க தெரு அக்கா ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'கம்பெனி மூடுனப்போ சோத்துக்குக் கஸ்டம். குழுக் கடன் வட்டி நிக்கவே இல்ல. தெறந்தப்பறம் ஆளக் கொறச்சிட்டாங்க, டார்கெட்ட ஏத்திட்டாங்க. ரெண்டு பேரு வேலய ஒருத்தி செய்யணும். இதுக்கு இன்னாத்துக்கு ஸ்தோத்திரம்?' 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கொதித்து எழுந்ததால் அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் மே நாளில் அறிவித்தார். கொள்ளைநோய்க்குப் பிறகு 'மீட்சி' என்று முதலாளிகள் எதைச் சொன்னார்கள் என்பது இதில் தெரிந்தது. அந்தப் பத்து நாளில் எத்தனை பீடங்களிலிருந்து எதிர்ப்புக் குரல் வந்தது?

தலித் கிறிஸ்தவருக்குச் சட்டம் செய்வதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாத தலித்தைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. சென்னைத் தெருவோரத்தில் செருப்பு தைத்த சூசை என்கிற தலித் கிறிஸ்தவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். செருப்புத் தைக்கும் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை அவருக்கு மறுக்கப்பட்டது; காரணம், கிறிஸ்தவர். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை தொடர்வதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று 1985இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கையில் ஊசியும் நூலும் தோலும் அதேதான்; உட்கார்ந்த பிளாட்பாரமும் அதேதான். வேறென்ன ஆதாரம் வேண்டும்? 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை கோரித் தீர்மானம் போட்டது. நாம் வாசலில்தான் நிற்கிறோம்.

6

இவ்வளவுக்குப் பிறகும் கிறிஸ்தவ நம்பிக்கை என்று ஒன்று பாக்கி இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். ஆனால் அதை பிரசங்க பீடத்தில் தேடினால் கிடைக்காது. ஒரு தோல்காரன் வீட்டு மாடியில் தேட வேண்டும்.

அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு செய்தி வருகிறது. பேதுரு யோப்பா பட்டணத்தில் தோல் பதனிடுகிற சீமோன் என்பவனுடைய வீட்டில் பல நாள் தங்கியிருக்கிறார். வீடு கடற்கரையோரம். ஏன் கடற்கரையோரம்? செத்த விலங்கையும் இடுகாட்டையும் தோல் பதனிடும் இடத்தையும் ஊரைவிட்டு ஐம்பது முழம் தள்ளி வைக்க வேண்டும் என்கிறது யூதர்களின் மிஷ்னா. சேரியும் சுடுகாடும் தோல் கிடங்கும் ஊருக்கு வெளியே இருக்கிற நம் வரைபடத்தை அப்படியே பார்க்கலாம். அந்த வீட்டு மாடியில், மத்தியானம், பசியோடு இருந்த பேதுருவுக்கு ஒரு தரிசனம்: வானத்திலிருந்து ஒரு துப்பட்டி இறங்குகிறது, அதில் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட எல்லா உயிர்களும் இருக்கின்றன. தின்னு என்கிறது குரல். மாட்டேன், தீட்டு என்கிறார் பேதுரு. தேவன் சுத்தமாக்கியதைத் தீட்டு என்று சொல்ல நீ யார் என்கிற பொருளில் பதில் வருகிறது, மூன்று தடவை.

யூதரல்லாதவருக்கும் சபையின் கதவு திறக்கக் காரணமான இந்தத் தரிசனம் எருசலேம் தேவாலயத்தில் வரவில்லை, தோல் நாற்றம் அடிக்கிற வீட்டில் வந்தது. பேதுரு அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நேராகக் கொர்நேலியு வீட்டுக்குப் போனார், தீண்டத்தகாதவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று எருசலேமில் அவர்மீது பிராது வந்தது, பதில் சொன்னார். நம்பிக்கைக்கு இவ்வளவு நடை இருக்கிறது. மாடியில் கண்ட தரிசனம் பந்தி வரைக்கும் போயாக வேண்டும்.

மதுரை இறையியல் கல்லூரியில் 'பறட்டை' தியோபிலஸ் அப்பாவு இதைத்தான் 'ஒரே உலை' என்று கற்றுக்கொடுத்தார். எல்லா வீட்டு அரிசியும் ஒரு பானையில் கொதித்து, எல்லாரும் அதில் தின்றால்தான் நற்கருணை. அவர் பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். பிணத்துக்கு அடித்ததும், கொள்ளைநோய்க்குத் தமுக்காக அடித்ததும், கூழ் ஊற்றியபோது தெருக்கோடியில் நின்று அடித்ததுமான அதே தோல், உயிர்த்தெழுதலைச் சொல்லும் குரலானது. அர்விந்த் நிர்மலிலிருந்து தொடங்கிய தலித் இறையியல் புத்தகங்களில் இருக்கிறது. அப்பாவுவின் பாட்டில் அது சேரியின் வாய்க்கு வந்தது.

உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களிடம் வந்தபோது காயத்தை மறைத்துக்கொண்டு வரவில்லை. ஆணி பாய்ந்த கையை நீட்டி, பார் என்றார். தோமா அதைப் பார்த்த பிறகுதான் அறிக்கையிட்டார். காயமே ஆகாதது மாதிரி எழுந்து வந்திருந்தால் அது சிலுவைக்கு முந்தின நிலைக்குத் திரும்புதல். பிலாத்துவுக்கும் காய்பாவுக்கும் அது ரொம்ப வசதி. வேதம் சொல்வது வேறு. கொன்றவர்களின் கைவேலை எழுந்தவரின் உடம்பில் சாட்சியாக இருக்கிறது.

எனவே கொரோனாவுக்குப் பிறகு நம்பிக்கை என்று பேசுகிற சபை செய்ய வேண்டியவை சில உண்டு. தன் பகுதியில் ஊரடங்கிலும் நோயிலும் தொட்டிக்குள்ளும் செத்த தொழிலாளிகளின் பெயர்களை, அவர்கள் எந்த மதமானாலும் எந்த மாநிலமானாலும், பலிபீடத்துக்கு முன்னால் வாசிக்கட்டும். சுடுகாட்டுப் பாதை மறுக்கப்படுகிற ஊரில் பாடைக்கு முன்னால் அங்கியோடு போய் நிற்கட்டும். எங்கள் பக்கம் போதகரை 'அய்யரு' என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தப் பெயர் எப்படி வந்தது என்றும் யோசிக்கட்டும். ஷூ கம்பெனிப் பெண்கள் சங்கம் வைக்கக் கூடினால் கூட்டம் போட சபை மண்டபத்தைக் கொடுக்கட்டும். அருந்ததியரோடும் பௌத்தரான நம் சொந்தங்களோடும் இந்துச் சேரியோடும் ஒரே பந்தியில் உட்காராத தலித் கிறிஸ்தவம், யோப்பாவை மறந்த கிறிஸ்தவம்.

எகிப்தைவிட்டு வந்தவர்கள் வனாந்தரத்தில் பசி எடுத்தபோது, அங்கே இறைச்சிப் பானைக்குப் பக்கத்தில் இருந்தோமே என்று அழுதார்கள். அடிமைத்தனம் அவர்களுக்குப் பழைய நல்ல நாளாகத் தெரிந்தது. அப்படி அழுதவர்களை மோசே திரும்பக் கூட்டிப்போகவில்லை. 1878இல் ஆற்றில் இறங்கிய தோல்காரர்களும் திரும்பிப் போகவில்லை. இனி செத்த மாட்டை இழுக்கமாட்டோம் என்று வட ஆற்காட்டுச் சேரியில் கைநாட்டு வைத்தவர்கள், அடி விழும் என்று தெரிந்தேதான் வைத்தார்கள். நம் நம்பிக்கைக்கு அவர்கள்தான் முன்னோர்.